உட்காராத சக்கரவர்த்தி

வடகால்மங்கலத்துச் சக்கரவர்த்திக்கு அந்த வருஷம் முழங்கால் பிசகிவிட்டது.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நெல்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்த வீரையனுக்குக் கால் வழுக்கியது. கட்டைக் கீழே போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கதிர் நனைந்துவிடுமே என்று அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்ததில், முழங்கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தான். கட்டில் ஒரு கதிர்கூட நனையவில்லை. கால்தான் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

"கட்டு யாரோடது?" என்று கேட்டாள் காத்தாயி.

"மிராசோடதுதான்."

"காலு யாரோடது?"

வீரையன் கூரையைப் பார்த்தான். பெண்டாட்டி இப்படிக் கேள்வி கேட்கிற நேரங்களில் அவனுக்குக் கூரையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

நாட்டு வைத்தியர் வந்து முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினார். "மெதுவா நடக்கலாம், உக்காரலாம், படுக்கலாம். ஒரே எடத்துல நிக்க மட்டும் படாது. நெரம்பு அறுந்துச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான். ஏர் புடிக்கிற கனவெல்லாம் விட்டுட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உலகத்தில் வேறு எந்த ராஜாவுக்கும் இது ஒரு கஷ்டமான வைத்தியம் இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் ராஜாவுக்கு உத்தியோகமே. வடகால்மங்கலத்து ராஜாவுக்கு மட்டும் அது முடியாத காரியம். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நாடகத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அறுப்பு முடிந்து மாசி பிறந்தால் அந்த ஊர்க் களத்துமேட்டில் நாடகம் நடக்கும். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து சகாயநாதன் வாத்தியார் தன் ஆர்மோனியப் பெட்டியோடு வந்து தங்கிப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பார். கதையும் அவர் கட்டியதுதான். சித்திரவர்மன் என்று ஒரு சக்கரவர்த்தி. தகப்பன் சின்ன வயதிலேயே செத்துப்போனதால் கிரீடம் இவன் தலைக்கு வந்துவிட்டது. வைத்தவன் தளபதி உக்கிரசேனன். வைத்தவனுக்கு எடுக்கவும் தெரியும் என்பது சக்கரவர்த்திக்கும் தெரியும். மந்திரியை நியமிப்பது தளபதி, வரி போடுவது தளபதி, முத்திரை மோதிரம் இருப்பதும் தளபதியின் விரலில். சக்கரவர்த்தி பாட்டுப் பாடுவான். அழகாகப் பாடுவான். அவ்வளவுதான் அவனுக்கு விட்டுவைத்த ராஜ்ஜியம்.

முதல் வருஷம் வாத்தியார் ஊரில் எல்லாத் தெருவிலும் குரல் பார்த்தார். அந்த மேல்கட்டைச் சுருதியில் நிற்கிற தொண்டை தெற்குத்தெரு வீரையனிடம்தான் இருந்தது. நாள் முழுக்கப் பண்ணைவயலில் ஏர் ஓட்டுகிறவன், மாட்டையே ராகம் போட்டு அதட்டுகிறவன். அவனைச் சக்கரவர்த்தி ஆக்கினார். தளபதி வேஷத்தை யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. இராஜாங்கம் எடுத்துக்கொண்டான். இராஜாங்கம் மிராசின் காரியக்காரன். நிலம் மிராசுடையது, அதை ஆள்கிறது இவன். மிராசு கும்பகோணத்தில் வீடு கட்டிக்கொண்டு போனபிறகு எந்த வயலை யார் உழுவது, யாரை வேலைக்குக் கூப்பிடுவது, யாரைக் கூப்பிடாமல் விடுவது எல்லாம் இராஜாங்கத்தின் வாயிலிருந்துதான் வரும். மிராசு எப்போதாவது ஊருக்கு வந்தால் எதிரே நிற்கிறவனுக்குப் பதில் சொல்லுமுன் இராஜாங்கத்தின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். பாவம், கெட்டவர் இல்லை. அவருக்கு அது பழகிவிட்டது.

ஒத்திகையெல்லாம் பாயில் நடந்தது. நாடகத்தன்றுதான் அரியணை வந்தது. மிராசு வீட்டுத் தேக்கு நாற்காலி, கை வைக்கிற இடத்தில் சிங்கத்தலை, வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மிராசின் தாத்தா பெருத்த சரீரம் உள்ளவராம். அவருக்கென்று செய்ததால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். வீரையன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு சந்தோஷமாக அதில் உட்காரப் போனான். இராஜாங்கம் தொண்டையைக் கனைத்தான்.

ஒரே ஒரு கனைப்புதான். வீரையன் நின்றுவிட்டான். கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த காத்தாயிக்கும் அந்தக் கனைப்பு கேட்டது. தெற்குத்தெரு ஆள் மிராசு வீட்டு நாற்காலியில் உட்காருவதாவது என்று அந்தக் கனைப்புக்கு அர்த்தம், அதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை. வாத்தியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாடகம் நின்றுவிடக் கூடாது அவருக்கு. ஆர்மோனியத்தை ஒரு இழுப்பு இழுத்து அங்கேயே வசனம் எடுத்துக்கொடுத்தார். வடதிசைப் பகைவனை வெல்லும்வரை அரியணையில் அமரமாட்டேன் என்று சக்கரவர்த்தி சபதம் போட்டான். அதுவரை அந்த அரியணையை நானே அமர்ந்து காப்பேன் என்று தளபதி அதில் உட்கார்ந்துகொண்டான்.

வடதிசைப் பகைவன் என்று ஒருவன் கதையிலேயே கிடையாது. அவன் எப்போதும் திரைக்கு அந்தப்பக்கம் வந்துகொண்டே இருப்பான், வந்து சேர மாட்டான். அதனால் வருஷா வருஷம் சக்கரவர்த்தி நின்றான், தளபதி உட்கார்ந்தான். நாளாவட்டத்தில் ஊருக்கு இது விசித்திரமாகவே படவில்லை. காத்தாயிக்கு மட்டும் அந்தக் கனைப்பு மறக்கவில்லை.

இந்த வருஷம் வாத்தியார் வந்து இறங்கியதும் அவள் நேராகப் போய்க் கேட்டாள். "வாத்தியாரய்யா, அந்தச் சிங்க நாக்காலி வேணாம். ஓரமா ஒரு முக்காலி போட்டுடுங்க. அவுங்க காலு தாங்காது."

வாத்தியார் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயமும் அவருக்கு உண்டு. "தளபதிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேம்மா" என்றார்.

தளபதி ஒத்திகையிலேயே பதில் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். "சபதம் போட்ட ராஜா முக்காலில உக்காந்தா ஜனம் சிரிக்காதா? பகைவன் வந்து பணியட்டும், நானே எறங்கிக் குடுக்கறேன். பாட்டுலயே பாடியிருக்கேனே."

பாடியிருக்கிறான்தான். கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கை நீட்டி, தளபதி பாடுகிற பாட்டு அது.

வடதிசைப் பகைவன்என் வாசல்வந்து பணிந்தால்
வணங்கிநான் இறங்குவேன் அரியணை விட்டு

இராஜாங்கத்துக்கு இந்தப் பாட்டின் மேல் உயிர். சைக்கிளில் போகும்போது பாடுவான், மடை பார்க்கும்போது பாடுவான். நடவு நடுகிற பெண்களுக்கு அவன் தலை தெரியுமுன் பாட்டுத் தெரியும், உடனே பேச்சை நிறுத்திக் குனிந்துகொள்வார்கள். ஊரில் பேசப் பழகுகிற பிள்ளைக்குக்கூட அந்த இரண்டு வரி தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் நல்ல நடிகன். ஒரு வருஷம் நாடகத்தின் நடுவே ஓர் ஆட்டுக்குட்டி மேடையில் ஏறி வந்து நின்று கத்தியது. மேடையில் விழுந்த வார்த்தைக்கு மேடையிலேயே பதில் சொல்லியாக வேண்டும், வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது வாத்தியாரின் கண்டிப்பான சட்டம். இராஜாங்கம் அலட்டிக்கொள்ளாமல், "பகைவன் நாட்டு ஒற்றன் வந்திருக்கிறான், பிடித்துக் கட்டுங்கள்" என்றான். களமே உருண்டு சிரித்தது. அந்த வருஷத்து விளைச்சலைவிட அந்த ஆட்டுக்குட்டியைப் பற்றித்தான் அவன் அதிகம் பேசியிருக்கிறான்.

காத்தாயி வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் நாடகம் வேணாங்க" என்றாள்.

வீரையன் கால்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "வருஷம் பூரா என்னைய எல்லாரும் டேய்ங்கறாங்க. அந்த ஒரு நாளு மன்னாங்கறாங்க. நின்னுக்கிட்டே இருந்தாலும் மன்னாதானே காத்தாயி."

வாயில்லாப் பூச்சியைக் கட்டிக்கொண்டோமே என்று அவள் தெருவில் புலம்பாத நாள் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஒரு வார்த்தையை இவன் என்றைக்காவது சொல்லிவிடுவான், அப்போது இவனுக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருக்கும். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, கட்டைத் தளர்த்தி முழங்காலில் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே அவனைத் திட்டவும் செய்தாள்.

காலம் வேறு நல்ல காலமாக இல்லை. ஆட்சி மாறி, மெயின் ரோட்டுக் கம்பத்தில் இருவண்ணக் கொடி ஏறியிருந்தது. தெற்குத்தெரு முனையில் செங்கொடி ஏறியிருந்தது. கூலிநெல் தகராறில் பக்கத்து ஊர்களில் அறுப்பு நின்று, ஆள் அடிபட்டு, போலீஸ் லாரி வந்து போய்க்கொண்டிருந்தது. கூட்டம் கூடினாலே இன்ஸ்பெக்டருக்கு மூக்கு வியர்த்தது. நாடகம் நடத்தலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே வடகால்மங்கலத்தில் அந்த வருஷம் பட்டப்பகலில் ராஜா நாடகம் நடந்தது.

பகலில் ராஜாக்களைப் பார்ப்பது பாவம்தான். மன்னார்குடியிலிருந்து வாடகைக்கு வந்த ஜிகினா உடுப்பில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரிந்தது. மேற்கு வெயில் முகத்தில் அடித்து அரிதாரம் கழுத்துவரை வழிந்தது. தளபதியின் ஒட்டுமீசை ஒரு பக்கம் எழும்பிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் குடை பிடித்துக்கொண்டு மிராசு உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீஸ்காரர்களும் நின்றார்கள். காத்தாயி ஆட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தாள். கருக்கரிவாள் இடுப்பில் செருகியபடி இருந்தது. அவள் நாடகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாதியை வீரையன் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். நடக்கிற காட்சிகள் அதில் நிறைய. பின்பாதியில் மந்திராலோசனைக் காட்சி வந்தது. அதில் சக்கரவர்த்தி ஒரே இடத்தில் நின்று நீளப் பாட்டு ஒன்று பாட வேண்டும். நாட்டில் மழை பெய்வதுகூடத் தளபதியைக் கேட்டுத்தானா என்று கேட்கிற பாட்டு. இரண்டாவது அடியில் அவன் கால் ஆடுவது சராய்க்கு வெளியே தெரிந்தது. மூன்றாவது அடியில் ஒற்றைக்காலில் நின்றான். பாட்டு பிசகவில்லை. கை மட்டும் மெல்லப் பின்னால் போய்ப் பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டது.

அரியணையிலிருந்த தளபதி அதைப் பார்த்துவிட்டான். "பேரரசின் தூண் நானிருக்க, மூங்கில் தூண் எதற்கு மன்னா?" என்றான்.

நல்ல வசனம். கூட்டம் சிரித்தது, மிராசும் சிரித்தார். வீரையன் மூங்கிலை விட்டுவிட்டான். விட்டபோது அவன் முகம் போன போக்கைக் காத்தாயி பார்த்தாள். ஆயுசுக்கும் நொண்டி என்று வைத்தியர் சொன்னது அவள் காதில் திரும்பக் கேட்டது. இனி ஓர் அடி பாடினால் இவன் விழுவான். விழுந்தால் மறுபடி ஏர் பிடிக்க மாட்டான்.

அவள் எழுந்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று யோசித்து எழவில்லை. ஜனத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடக்கும்போதுதான் அந்த ஆட்டுக்குட்டி நினைவுக்கு வந்தது.

மேடையில் பொம்பளை ஏறி அந்த ஊர் பார்த்ததில்லை. ராணி வேஷம்கூட ஆம்பிளைதான் கட்டுவான். அவள் இடுப்பிலிருந்த அரிவாளைக் கண்டு ஒரு போலீஸ்காரர் இரண்டடி முன்னால் வந்தார். ஆர்மோனியம் நின்றது.

"ஏய், எங்க வர்றே" என்றான் இராஜாங்கம். அது தளபதியின் குரல் இல்லை, காரியக்காரனின் குரல்.

வருஷக்கணக்கில் புருஷன் அடுப்படியில் உட்கார்ந்து வசனம் ஒப்பித்ததைக் கேட்டவள் காத்தாயி. நிமிர்ந்து நின்று சொன்னாள்: "தளபதியாரே, வழி விடும். வடதிசை நாட்டு மகாராணி வந்திருக்கிறேன்."

சகாயநாதன் வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இராஜாங்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, ராணிமார் சபைக்குள் நுழையும்போது வாசிக்கிற மெட்டை அவர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் வருஷம் ஒரு கனைப்புக்கு வளைந்துகொடுத்த மனிதர், இத்தனை வருஷம் கழித்து நிமிர்ந்தது அந்த மெட்டில்தான்.

காத்தாயிக்கு அதற்குமேல் செந்தமிழ் வரவில்லை. தன் பேச்சிலேயே சொன்னாள்: "எங்க ராஜா செத்துப்போயிட்டாரு. படையெல்லாம் ஓடிப்போச்சு. இனிமே சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல. தோத்துட்டேன்." அரிவாளை எடுத்தாள். போலீஸ்காரர் இன்னும் ஓர் அடி வந்தார்.

"வாளை இங்கே வை" என்று தளபதி தன் காலடியைக் காட்டினான். வேஷத்துக்குள் வந்துவிட்டான். அவனால் வராமல் இருக்க முடியாது.

"ஒங்ககிட்ட நான் தோக்கல" என்றாள் காத்தாயி. அரிவாளைக் கொண்டுபோய் வீரையனின் காலடியில் வைத்துக் கைகூப்பினாள். வீரையன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"இது சூழ்ச்சி. நீ மகாராணி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கர்ஜித்தான் தளபதி.

"ஆட்டுக்குட்டி வந்தப்ப ஆதாரம் கேட்டீங்களா?"

களம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டார், சிரித்தது தெரியாமலிருக்க. சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி அந்தப் பாட்டை எடுத்தாள். வடதிசைப் பகைவன் என் வாசல் வந்து பணிந்தால். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, அதனால் எல்லாரும் பாடினார்கள். தெற்குத்தெரு பாடியது. வடக்குத்தெருவிலும் சில பேர், பாட்டு நன்றாக இருந்ததால் பாடிவிட்டார்கள். வணங்கி நான் இறங்குவேன் என்ற இடம் வந்ததும் எல்லாரும் நிறுத்திக்கொண்டு அரியணையைப் பார்த்தார்கள்.

இராஜாங்கம் சிங்கத்தலைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிராசு அவன் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் அங்கே இருந்தது தளபதியின் முகம், ஒட்டுமீசை, கன்னத்தில் சிவப்பு. அதில் மிராசுக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே ஒரு முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி வந்து, மனிதர் குடையை இடுக்கிக்கொண்டு கை தட்டிவிட்டார்.

இராஜாங்கத்துக்குள் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும். காரியக்காரன் எழுந்திருக்க மாட்டான். நடிகன் உட்கார்ந்திருக்க மாட்டான். இரண்டு பேரும் ஒரே உடம்புக்குள் கொஞ்சநேரம் மல்லுக்கட்டினார்கள். பிறகு அவன் எழுந்தான். எழுந்தவன் அரைகுறையாகச் செய்யவில்லை. இடுப்பு வாளை அவிழ்த்துத் தரையில் வைத்து, மண்டியிட்டு, அந்தக் களத்தின் கடைசி வரிசை வரை கேட்கிற குரலில், "அரியணை தங்களுடையது மன்னா" என்றான். இந்த வசனத்துக்காகவே பிறந்தவன் மாதிரி அவ்வளவு நன்றாகச் சொன்னான்.

வீரையன் அப்போதும் உட்காரவில்லை. தளபதியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காத்தாயி கிட்டே போய், "காலு" என்றாள் மெதுவாக.

அவன் உட்கார்ந்தான். முதலில் விளிம்பில், பிறகு நன்றாகப் பின்னால் சாய்ந்து. கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டினான். அப்பாடா என்று ஒரு சத்தம் அவனை அறியாமல் வந்தது, அதைக் கேட்டதும் காத்தாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பாடினான். குரல் அதுவரை யாரும் கேட்காத உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றது. பாட்டை முடித்துவிட்டு, வாத்தியார் எடுத்துக்கொடுக்காத ஒரு வசனத்தையும் சொன்னான். "தோற்ற மகாராணிக்குத் தண்டனை இதுதான். இவள் ஆயுள் முழுவதும் நம் அரண்மனையிலேயே இருக்கக் கடவாள்."

காத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். இத்தனை செய்தவளுக்கு வெட்கம் அப்போதுதான் வந்தது. மிச்ச நாடகம் முழுவதும் தளபதி நின்றான்.

மறுநாள் காலையில் நாற்காலியைத் துடைத்துக் களத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் விடிந்ததும் வண்டி வந்து எடுத்துப் போய்விடும். அன்று வெயில் ஏறியும் வண்டி வரவில்லை. இராஜாங்கம் மட்டும் சைக்கிளில் வந்து, தெரு முனையில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு காலை ஊன்றி நின்றான்.

"வண்டி வரலீங்களா?" என்று கேட்டாள் காத்தாயி.

"வராது. வீட்டுல அந்த நாக்காலி இனிமே வேணாமாம்."

காரணத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு மனுஷன் கால் வலிக்காக உட்கார்ந்ததில் ஒரு மரச்சாமான் தீட்டுப்பட்டுப் போய்விட்டதாம். நேற்றுக் கூப்பின கையைக் காத்தாயி இன்று இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"மிராசய்யா சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?"

இராஜாங்கம் சைக்கிள் மணியைத் துடைத்தான். "திருப்பி எடுத்துக்கிட்டுப் போவ வேணாம்தானேன்னு கேட்டேன். ஆமா வேணாம்னாரு. எடுத்துக்கிட்டுப் போவலாம்தானேன்னு கேட்டிருந்தா, ஆமா போவலாம்னிருப்பாரு."

காத்தாயி அவனையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நேத்து அந்தப் பாட்டுல சுதி நின்னுச்சுன்னு அவன்ட்ட சொல்லு" என்றான். பெடலை மிதித்தவன் மறுபடி காலை ஊன்றினான். "அடுத்த வருஷம் தளபதிக்கும் ஒரு முக்காலி போடச் சொல்லு வாத்தியார்ட்ட. நின்னு நின்னு ராத்திரி பூரா எனக்கு முட்டி வலி."

போய்விட்டான். நல்லவனாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். நடவு நாளில் மறுபடி அதே இராஜாங்கம்தான் வரப்பில் நின்று அதட்டினான். ஆனால் அந்த ஒரு கேள்வியை அவன் மாற்றிக் கேட்டிருந்தால் நாற்காலி மிராசு வீட்டுக்கே போயிருக்கும்.

தெரு ஆட்கள் நாலு பேர் நாற்காலியைக் களத்திலிருந்து தூக்கி வந்தார்கள். அது காத்தாயியின் வீட்டு வாசல் படலுக்குள் நுழையவில்லை. சிங்கத்தலை தடுத்தது. அதனால் வாசலிலேயே, தெருவைப் பார்த்துப் போட்டார்கள். வீரையன் நொண்டிக்கொண்டே வந்து அதைச் சுற்றிப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்து, "உக்காரு" என்றான்.

"நானா? நான் தோத்தவளாச்சே?"

"சபதம் போட்டவன் நான்தானே. ஒனக்கென்ன? உக்காரு காத்தாயி."

அவள் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. அந்த நாற்காலிக்குள் அவள் ஒரு மூலையில் காணாமல் போயிருந்தாள். எதிரே அவன் நின்று ரசித்துக்கொண்டிருந்தான்.

"நிக்காதீங்கன்னா கேக்க மாட்டீங்களா" என்று அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான். அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டிப் போகிறவர்கள், மெயின் ரோட்டுக்கு மோர் கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள். யாரும் தொண்டையைக் கனைக்கவில்லை.